நேபாளக் கொடியை எப்படி வெட்டுவது? அது ஏன் அப்படி இருக்கிறது?

ஓவர்லாக் எழுதியது:

வணக்கம் நண்பர்களே. ஒரு கல்லூரிக் கருத்தரங்குக்கு இந்தியா, இலங்கை, பூட்டான், வங்கதேசம், மாலத்தீவு, நேபாளம் என்று ஆறு நாட்டுக் கொடிகள் தைக்கச் சொல்லியிருக்கிறார்கள். எல்லாம் 2 அடி உயரம். ஐந்து கொடிகள் செவ்வகம், கண்ணை மூடிக்கொண்டு வெட்டிவிடலாம். நேபாளம்தான் படுத்துகிறது. இணையத்தில் இறக்கிய படங்கள் ஒன்றோடொன்று ஒத்துவரவில்லை. ஒன்றில் இரண்டு முக்கோணமும் ஒரே நீளம். இன்னொன்றில் மேல் முக்கோணம் நீட்டிக்கொண்டு நிற்கிறது. நீலக் கரை ஒரு படத்தில் நூல் மாதிரி, ஒரு படத்தில் புடவைக் கரை மாதிரி.

ஆர்டர் கொடுத்தவரோ, "வெள்ளைத் துணியில் 3க்கு 2 அளவில் பிரிண்ட் போட்டு நடுவில் வைத்துவிடுங்கள், வரிசையில் ஒரே மாதிரி தெரியட்டும்" என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. சரியான அளவு தெரிந்தவர்கள் சொல்லுங்கள். கூடவே, உலகமே செவ்வகமாகக் கொடி தைக்கும்போது இவர்கள் மட்டும் ஏன் இப்படி என்று யாராவது விளக்கினால் சந்தோஷம்.

சும்மா பார்க்க வந்தவன் எழுதியது:

துணி மிச்சம் பிடிக்கத்தான் அண்ணே. பாதியை வெட்டித் தைப்பவரே வைத்துக்கொள்ளலாம் இல்லையா.

ஜியோமெட்ரி பாக்ஸ் எழுதியது:

ஓவர்லாக் தம்பி, படத்தைப் பார்த்து வெட்டவே வெட்டாதீர்கள். அந்தக் கொடியை வரையும் முறை அந்நாட்டு அரசியலமைப்பிலேயே இருக்கிறது. 8ஆவது பிரிவில் கொடியின் வர்ணனை, முதல் அட்டவணையில் வரைமுறை. மொத்தம் 24 படிகள். நான் கணக்கு வாத்தியாராக இருந்தபோது பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை இதை வரைய வைத்திருக்கிறேன். ஸ்கேலும் காம்பஸும் போதும், கோணமானி வேண்டாம்.

நம் எழுத்துகளை வைத்தே சொல்கிறேன். சிவப்புத் துணியில் கீழே இடமிருந்து வலமாக அ–ஆ என்று ஒரு கோடு. இதுதான் ஆதாரம். அ-விலிருந்து நேர் மேலே இ வரை இன்னொரு கோடு. அதன் நீளம், அ–ஆ நீளமும் அதில் மூன்றில் ஒரு பங்கும் சேர்ந்தது. கீழே 3 என்றால் மேலே 4. இந்தச் செங்குத்துக் கோட்டில் அ-விலிருந்து 3 அளந்து ஈ என்று குறியுங்கள். ஆ-வையும் ஈ-யையும் சேர்த்தால் சரியாக 45 பாகையில் ஒரு சாய்கோடு கிடைக்கும். அதில் ஆ-விலிருந்து மறுபடி 3 அளந்தால் உ. இந்த உ-தான் கொடியின் உள்மூலை. உ வழியாக, ஆதாரத்துக்கு இணையாக, கம்பப் பக்கத்திலிருந்து 3 நீளத்துக்கு ஒரு கோடு இழுங்கள். அதன் வலது முனை எ. எ-யையும் உச்சியில் உள்ள இ-யையும் சேர்த்தால் சிவப்புப் பகுதி தயார். இதெல்லாம் முதல் ஐந்து படிதான்.

கவனித்தீர்களா, எங்கேயும் அங்குலம், சென்டிமீட்டர், பாகை என்று ஒரு எண்ணும் கிடையாது. எல்லாமே முதல் கோட்டிலிருந்து பிறக்கின்றன. கைக்கொடியானாலும் கட்டட உயரக் கொடியானாலும் முறை ஒன்றுதான்.

நிலாவுக்கு 13 படிகள், சூரியனுக்கு 4, கரைக்கு 2. நிலாவை முழுதாக இங்கே எழுதினால் நீங்கள் இழையை விட்டே ஓடிவிடுவீர்கள். ஆனால் ஒன்றை மட்டும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பிறையின் உள்வளைவுக்கு எந்த ஆரமோ அதுவேதான் சூரியனின் வெளிவட்டத்துக்கும் ஆரம். சூரியனின் உள்வட்ட ஆரமும் நிலாவை வரையும்போது கிடைத்த ஓர் அளவுதான். நீலக் கரையின் அகலத்தைக்கூட அந்த உள்வளைவின் அடிப்புள்ளிக்கும் அதற்குச் சற்று மேலே விழும் ஒரு வெட்டுப்புள்ளிக்கும் இடையிலான தூரத்திலிருந்துதான் எடுக்கிறார்கள். நிலாவைத் தப்பாகப் போட்டால் சூரியனும் தப்பு, கரையும் தப்பு. இணையப் படங்களில் கரை ஆளுக்கொரு தினுசாக இருப்பதற்கு இதுதான் காரணம். கடைசியில் அந்த அகலத்தைக் கண்ணளவில் போட்டுவிடுகிறார்கள்.

ஓவர்லாக் எழுதியது:

சார், பிரமாதம். ஆனால் இரண்டு முக்கோணமும் ஒரே நீளமா இல்லையா? உங்கள் கணக்குப்படி கீழேயும் 3, மேலேயும் 3.

ஜியோமெட்ரி பாக்ஸ் எழுதியது:

நல்ல கேள்வி. சிவப்புத் துணியில் இரண்டும் ஒரே நீளம். கரை வைத்த பிறகு மேல் முக்கோணம் சற்று நீண்டுவிடும். கீழ் முனையின் கோணம் 45 பாகை, மேல் முனையில் ஏறக்குறைய 32. முனை கூர்மையாக ஆக, அதே அகலக் கரையைச் சுற்றும்போது அதன் நுனி அதிகமாக வெளியே ஓடும். நீங்கள் பார்த்த இரண்டு படங்களில் மேல் முக்கோணம் நீட்டிக்கொண்டிருப்பதுதான் சரியானது.

உங்கள் அளவுக்குக் கணக்குப் போட்டுவிட்டேன். கரையோடு சேர்த்து 24 அங்குல உயரம் என்றால் அகலம் ஏறக்குறைய 19.7 அங்குலம். ஆதாரக் கோடு 16.5. கரை 0.7. மேல் நுனி கீழ் நுனியைவிட முக்கால் அங்குலம் வெளியே நிற்கும். அகலத்துக்கும் உயரத்துக்கும் விகிதம் 1:1.21901033 என்று தொடங்கி முடிவில்லாமல் போகும் எண். 45 பாகைச் சாய்வு வந்தாலே இரண்டின் வர்க்கமூலம் உள்ளே நுழைந்துவிடுமே.

இன்னொன்று. மற்ற ஐந்தும் ஒரே அளவு என்று உங்கள் வாடிக்கையாளர் நினைக்கிறார் போலிருக்கிறது. இந்தியா, பூட்டான், மாலத்தீவு 2:3. வங்கதேசம் 3:5. இலங்கை 1:2. 2 அடி உயரத்தில் இந்தியா 3 அடி, வங்கதேசம் 3 அடி 4 அங்குலம், இலங்கை 4 அடி வரும். வங்கதேசத்தின் சிவப்பு வட்டத்தையும் நட்ட நடுவில் வைத்துவிடாதீர்கள். கம்பப் பக்கம் சற்றுத் தள்ளியிருக்க வேண்டும், நீளத்தில் இருபதில் ஒன்பதாவது பங்கில்.

வெக்டர் வேலு எழுதியது:

சார் சொன்ன வரைமுறையை கோரல்டிரா என்ற வரைகலை மென்பொருளில் போட்டுப் பார்த்தேன், அரை மணி நேரத்தில் வந்துவிட்டது. மரியாதையோடு ஒரு மாற்றுக் கருத்து. கொடி வடிவமைப்பில் ஒரு பழகிய விதி உண்டு: ஒரு குழந்தை நினைவிலிருந்து வரையும்படி இருக்க வேண்டும். 24 படி வரைமுறை தேவைப்படும் ஒன்று அந்த விதிக்குள் வருமா? கரையின் அகலத்தை நிலாவிலிருந்து எடுப்பது கணக்குக்காரர்களுக்கு இன்பம். தைப்பவருக்கும் அச்சடிப்பவருக்கும் தலைவலி. "ஆதாரத்தில் 23இல் ஒரு பங்கு" என்று ஒரு வரியில் முடித்திருக்கலாம், கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது.

தராய் எக்ஸ்பிரஸ் எழுதியது:

வேலு, காத்மாண்டுவில் சில வருடம் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். அங்கே பள்ளிச் சுவர்களில், கடைக் கதவுகளில், லாரிகளின் பின்பக்கத்தில் குழந்தைகளும் பெயின்டர்களும் இதைச் சர்வ சாதாரணமாக வரைந்து தள்ளுகிறார்கள். இரண்டு முக்கோணம், நிலா, சூரியன், அவ்வளவுதான். யாரும் 24 படி போடுவதில்லை. தூரத்திலிருந்து பார்த்தால், காற்றில்லாமல் துவண்டு தொங்கினால்கூட, இது எந்த நாட்டுக் கொடி என்று குழம்பவே முடியாது. கறுப்பு வெள்ளையில் அச்சடித்தாலும் தெரியும். மூவர்ணப் பட்டை வைத்த கொடிகளில் எத்தனைக்கு இதைச் சொல்ல முடியும்?

ஏன் இந்த வடிவம் என்று ஓவர்லாக் கேட்டதற்கு அங்கே சொல்லப்படும் பதில்கள் பல. இரண்டு முக்கோணமும் இமயமலைச் சிகரங்கள் என்பார்கள். இந்து மதமும் பௌத்தமும் என்பார்கள். சிவப்பு வீரம், தேசிய மலரான லாலிகுராஸின் நிறம். நீலக் கரை அமைதி. நிலா அந்த மக்களின் சாந்த குணம், சூரியன் அவர்களுடைய உறுதி. இரண்டும் வானில் இருக்கும்வரை நாடும் இருக்கும் என்பது எல்லோரும் சேர்த்துச் சொல்வது.

நடுகல் எழுதியது:

தராய் சொன்ன கடைசி விளக்கம் ஒன்றுதான் எனக்குப் பழையதாகப் படுகிறது. மற்றவை பின்னால் ஒட்டியவை என்பது என் கருத்து.

நம் கல்வெட்டுகளைப் படிப்பவர்களுக்கு இது புதிதில்லை. கோயிலுக்கு நந்தா விளக்கு எரிக்க ஆடு விட்டாலும், நிலம் கொடுத்தாலும், "சந்திராதித்தவரை", அதாவது சந்திரனும் சூரியனும் உள்ளவரை, செல்லும்படி என்று சோழர் காலத்தில் வெட்டி வைத்திருப்பார்கள். பிற்காலத் தானக் கற்களில் மேலே ஒரு பிறையும் ஒரு சூரியனும் செதுக்கியிருக்கும். எழுத்துத் தெரியாதவனும் பார்த்துப் புரிந்துகொள்ளலாம், இது நிரந்தரத் தானம், கை வைக்காதே என்று. துணைக்கண்டம் முழுக்க ஓடிய வழக்கு இது. கோர்க்காவிலிருந்து கிளம்பி 1768இல் காத்மாண்டுவைப் பிடித்த பிருத்வி நாராயண் ஷாவின் வம்சத்துக்கும் இது ஊறிப்போனதாகத்தான் இருந்திருக்கும்.

முக்கோணமும் அப்படித்தான். நம் பக்கத்துக் கோயில் கொடிகளையும் தேர்க் கொடிகளையும் பாருங்கள். முக்கோணம், அல்லது நுனி பிளந்த நீளத் துணி. செவ்வகம் எல்லா நாட்டுக்கும் பொது வடிவமானது பெரும்பாலும் ஐரோப்பியக் கப்பல்களின் வழக்கத்தால். நேபாளம் ஐரோப்பியக் காலனியாக ஆனதில்லை. அதனால் பழைய முக்கோணக் கொடிகள் ஒன்றின்மேல் ஒன்றாகச் சேர்ந்து அப்படியே தேசியக் கொடியாகிவிட்டன. ஆகவே இவர்கள் ஏன் இப்படி என்று கேட்பதைவிட, மற்றவர்கள் எல்லாம் எப்போது செவ்வகத்துக்கு மாறினார்கள் என்று கேட்டால் பதில் சுலபமாகக் கிடைக்கும். இமயமலை விளக்கம் அழகாக இருக்கிறது, சுற்றுலா விளம்பரத்துக்கும் உதவும். ஆனால் சிகரம் மேல்நோக்கி அல்லவா கூர்மையாக இருக்கும்? இந்தக் கூர் பக்கவாட்டில் பறக்கிறது.

தராய் எக்ஸ்பிரஸ் எழுதியது:

நடுகல் ஐயா, பக்கவாட்டில் கூர் என்பதற்காக மக்கள் அதில் மலையைப் பார்க்கக் கூடாதா? பொக்காராவில் காலையில் மச்சாபுச்சரேயைப் பார்த்துவிட்டு வந்து அந்தக் கொடியைப் பார்த்தால் யாருக்கும் மலைதான் தோன்றும். அர்த்தம் என்பது முதலில் தைத்தவன் மட்டும் வைப்பதா, அதைத் தினமும் பார்க்கிறவர்கள் வைப்பதில்லையா?

நடுகல் எழுதியது:

வைக்கட்டும், தாராளமாக வைக்கட்டும். ஆனால் அதை "கொடியை உருவாக்கியவர்கள் நினைத்தது" என்று எழுதும்போதுதான் எனக்கு உறுத்துகிறது. இதே கொடிக்கு அர்த்தம் எப்படி மாறியிருக்கிறது என்று பாருங்கள். 1846 முதல் 1951 வரை ராணா குடும்பம் பரம்பரைப் பிரதமர்களாக ஆட்சியைக் கையில் வைத்திருந்தது, மன்னர் பேருக்கு இருந்தார். பழைய கொடிப் புத்தகங்களில் நிலா அரச குடும்பம், சூரியன் ராணா குடும்பம் என்று விளக்கம் இருக்கும். 1951இல் ராணா ஆட்சி போயிற்று. சூரியன் கொடியை விட்டுப் போகவில்லை. அதன் விளக்கம் மட்டும் மாறி, மக்களின் உறுதியாகிவிட்டது.

2008இல் மன்னராட்சியும் போயிற்று. அதற்குச் சற்று முன்பாகவே, 2006 இறுதியில், கிரீடமும் குக்ரி என்ற வளைந்த கத்தியும் இருந்த பழைய அரசுச் சின்னத்தை மாற்றினார்கள். 2007இல் மன்னரைப் போற்றிய பழைய தேசிய கீதத்தை மாற்றினார்கள். இந்து ராஜ்ஜியம் என்ற அடையாளமும் போயிற்று. கொடியில் ஒரு நூல்கூட மாறவில்லை. நிலா அரச குடும்பம் என்று அரசியலமைப்பில் எழுதி வைத்திருந்தால் இந்தக் கொடி தப்பித்திருக்குமா?

ஜியோமெட்ரி பாக்ஸ் எழுதியது:

நடுகல் சொன்னதையொட்டி ஒன்று. 2015 அரசியலமைப்பின் 8ஆவது பிரிவு சொல்வது இவ்வளவுதான்: மரபாக வந்த கொடி, சேர்ந்திருக்கும் இரண்டு முக்கோணங்கள், சிவப்புத் தளம், அடர்நீலக் கரை, மேலே 16 கதிர்களில் 8 தெரியும் பிறைச் சந்திரன், கீழே 12 கதிர்ச் சூரியன், இரண்டும் வெள்ளை. எது எதைக் குறிக்கிறது என்று ஒரு சொல்லும் இல்லை. அட்டவணையிலும் இல்லை. மலை இல்லை, மதம் இல்லை, வீரம் இல்லை, அமைதி இல்லை. எந்தக் கோடுகள் கற்பனைக் கோடுகள், கொடியில் தெரியக் கூடாதவை என்று விளக்கக் குறிப்பு போட்டவர்கள், எந்தப் படத்துக்கு என்ன பொருள் என்று போடவில்லை. எனக்கு அது மறதியாகத் தோன்றவில்லை.

தெரியும் 8 கதிர்களை மட்டும் சொல்லியிருக்கலாம். மறைந்திருக்கும் எட்டையும் சேர்த்து 16 என்று எழுதியிருக்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான்.

வெக்டர் வேலு எழுதியது:

இது நான் எதிர்பார்க்காத கோணம். ஆனால் அப்படியானால் எதற்கு இவ்வளவு துல்லியம்? பொருளைத் திறந்து விட்டவர்கள் வடிவத்தை ஏன் இப்படிப் பூட்டினார்கள்?

ஜியோமெட்ரி பாக்ஸ் எழுதியது:

அதற்கு வரலாற்றுக் காரணம் இருக்கிறது. 1962க்கு முந்தைய கொடிகளைப் படத்தில் பார்த்தால் ஒன்று போல ஒன்று இருக்காது. சூரியனுக்கும் சந்திரனுக்கும் கண், மூக்கு, வாய் வைத்து முகமே வரைந்திருப்பார்கள். ஒவ்வொரு தையல்காரருக்கும் ஒரு முகம். 1962 டிசம்பர் 16இல் மன்னர் மகேந்திரா புதிய அரசியலமைப்பைக் கொண்டுவந்தபோது கொடியையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவர நினைத்தார்கள். வேலையைச் செய்தவர் சங்கர் நாத் ரிமால் என்ற பொறியாளர். முகங்களை எடுத்துவிட்டு, வடிவத்தைக் கணக்காக்கினார்.

பொறியாளர் செய்த வேலை என்பது வரைமுறையைப் படித்தாலே தெரியும். "அழகாக, பொருத்தமான அளவில் ஒரு நிலா" என்று ஓவியர் எழுதியிருப்பார். இவர் நிலாவுக்கு எந்தப் புள்ளியில் காம்பஸ் ஊன்ற வேண்டும் என்று எழுதியிருக்கிறார். வேலு சொன்ன "23இல் ஒரு பங்கு" சுலபம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது வெளியிலிருந்து கொண்டுவந்து போடும் எண். அதைத் தவிர்த்ததால்தான் 24 படியும் ஒரே கோட்டிலிருந்து கிளைத்து வருகின்றன.

வெக்டர் வேலு எழுதியது:

கணக்கில் சரி சார். ஆனால் அத்தனை துல்லியமும் வடிவத்தோடு நின்றுவிட்டதே. சிவப்பு எந்தச் சிவப்பு? சிம்ரிக் என்கிறார்கள், அட்டவணையில் வண்ண எண் எதுவும் இல்லை. ஒருவர் மெரூன் அடிக்கிறார், ஒருவர் ரோஸ் கலந்து அடிக்கிறார். அச்சுத் தொழிலில் இருப்பவனுக்குக் கரை ஒரு மில்லிமீட்டர் கூடினால் பரவாயில்லை, சிவப்பு மாறினால் ஆர்டரே திரும்பி வரும். இந்தக் குறையை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

தராய் எக்ஸ்பிரஸ் எழுதியது:

அங்கே கடைகளில் விற்கும் கொடிகளிலேயே சிவப்பு கடைக்குக் கடை மாறும். யாரும் சண்டை போட்டுப் பார்த்ததில்லை.

சும்மா பார்க்க வந்தவன் எழுதியது:

இந்த இழையில் நான் துணி மிச்சம் என்று சொன்னதை யாரும் சீரியஸாக எடுத்துக்கொள்ளவில்லை. உண்மையிலேயே எவ்வளவு மிச்சம் ஆகும்? கணக்கு சார் இருக்கிறாரே, கேட்டு வைப்போம்.

ஜியோமெட்ரி பாக்ஸ் எழுதியது:

கேட்டதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். 2 அடி உயர இந்தியக் கொடியின் பரப்பு 864 சதுர அங்குலம். அதே உயர நேபாளக் கொடி கரையோடு சேர்த்து ஏறக்குறைய 275. மூன்றில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. வரிசையில் வைக்கும்போது நேபாளம் சின்னதாகத் தெரிவதன் காரணம் இதுதான். ஓவர்லாக்கின் வாடிக்கையாளருக்கு உறுத்துவதும் இதுவாகத்தான் இருக்கும்.

ஓவர்லாக் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. வாடிக்கையாளரிடம் இலங்கை 4 அடி, இந்தியா 3 அடி என்று கணக்குக் காட்டினேன். "அப்போ எப்படியும் ஒரே மாதிரி வராதா" என்று கேட்டுவிட்டு வெள்ளைத் துணி யோசனையை அவரே விட்டுவிட்டார். உயரம் மட்டும் சமமாக வைத்து, நேபாளத்தை அதன் வடிவத்திலேயே தைக்கிறேன்.

இப்போது தொழில் கேள்வி. கம்பத்தில் நுழைக்கும் மாதிரி கேட்கிறார்கள், கயிறு இல்லை. 0.7 அங்குலக் கரைக்குள் கம்பம் நுழையாது. கம்பப் பக்கம் மட்டும் கரையை அகலமாக்கினால் தப்பாகுமா? அப்புறம் அந்த உள்மூலை. மாதிரிக்கு ஒன்று தைத்துப் பார்த்தேன், நீலப் பட்டி அங்கே சுருங்கி மடிப்பு விழுகிறது.

ஜியோமெட்ரி பாக்ஸ் எழுதியது:

முதல் கேள்விக்குப் பதிலும் அட்டவணையிலேயே இருக்கிறது, நம்புவீர்களா! கரை பற்றிய கடைசிப் படியில், கம்பத்தில் ஏற்றுவதானால் கம்பப் பக்கத்துக் கரையில் உள்ள துளையைத் தேவைக்கேற்பப் பெரிதாக்கிக்கொள்ளலாம் என்று எழுதியிருக்கிறார்கள். அந்த ஒரு பக்கம் மட்டும்தான். மற்ற நான்கு பக்கத்தையும் தொடாதீர்கள். தையல் பற்றி எனக்குத் தெரியாது.

பாபின் எழுதியது:

தையல் நான் சொல்கிறேன் ஓவர்லாக். பட்டியை ஒரே நீளமாக வளைத்து ஓட்டாதீர்கள். உள்மூலை வரை ஒரு பட்டி, அங்கிருந்து இன்னொரு பட்டி. மூலையில் இரண்டையும் சாய்வாக வெட்டிச் சேர்த்து, சிவப்புத் துணியில் தையல் கோட்டுக்கு ஒரு நூல் முன்னால் வரை கத்தரியால் ஒரு வெட்டுப் போட்டுவிட்டுத் திருப்புங்கள். மடிப்பு விழாது. ஆனால் வெட்டுப் போட்ட இடம் காற்றில் முதலில் கிழியும், அதனால் உள்பக்கம் சின்னதாக ஒரு ஒட்டுத்துணி வைத்து இரண்டு தையல் போடுங்கள். நிலாவையும் சூரியனையும் வெட்டி ஒட்டுவதானால் இரண்டு பக்கமும் ஒட்ட வேண்டும், அதற்குத் தனியாகக் கூலி கேளுங்கள். 12 கதிர், 8 கதிர், இரண்டு பக்கம். முனை திருப்பவே ஒரு நாள் ஓடிவிடும்.